தானாக வருகிற பெரியவரும் கூட்டி வரப்படுகிற பிள்ளையும்

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். உயர்தரப் பரீட்சையை இரண்டாம் முறை எழுதவிருக்கும் அவருடைய மகன் நான்கு மாதங்களாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான். ரியூசனுக்கு என்று புறப்பட்டவன் வாவிக்கரையில் போய் இருந்துவிட்டு வந்தது அண்மையில்தான் தெரிந்திருக்கிறது. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். உளவியலாளர் என்பவர் என்ன படித்தவர், குளிசை தருவாரா, புத்திமதிதான் சொல்வாரா, பெரியவர்களுக்குச் செய்வதையே இளம் பிள்ளைகளுக்கும் செய்வாரா என்று கேட்டுவிட்டு, தனக்கும் இரண்டு வருடமாக ஒழுங்கான நித்திரை இல்லை, ஒரே ஆளிடம் இருவரும் போகலாமா என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறார்.

மட்டக்களப்பு நகரத்திலும், வாரத்தில் இரண்டு நாட்கள் கல்முனையிலும் உளவியலாளராக வேலை செய்கிற எனக்கு அந்தக் கடைசி வரி மிகவும் பழக்கமானது. பிள்ளையைக் கூட்டி வருகிற தாய் பிள்ளையின் கதையை முக்கால் மணித்தியாலம் சொல்லி முடித்து, எழுந்து, கதவடிக்குப் போன பிறகு திரும்பி நின்று, "எனக்கும் கொஞ்சம் ஏலாமத்தான் இருக்கு மிஸ்" என்பார். ஆகவே இந்தப் பதிலை இருவருக்குமாகவே எழுதுகிறேன்.

முதலில் படிப்பு. இந்த விடயத்தில் பெயர்கள் குழம்பிக் கிடப்பதால் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உளநல வைத்தியர் மருத்துவப் பட்டம் பெற்று, அதன் மேல் உளமருத்துவத்தில் விசேட பயிற்சி பெற்றவர். மருந்து எழுதுவது அவருடைய பொறுப்பு. உளவியலாளர் மருத்துவம் படித்தவர் அல்லர். உளவியலில் பட்டம் பெற்று, சிகிச்சை உளவியலில் முதுமாணியோ முதுதத்துவமாணியோ (எம்.பில்.) முடித்து, அந்தப் படிப்புக் காலத்திலேயே வைத்தியசாலையில் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் நோயாளர்களைப் பார்த்துத் தேறியவராக அவர் இருக்க வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சிகிச்சை உளவியலுக்கான முதுதத்துவமாணிப் படிப்பு இருக்கிறது. நம்மவர்கள் இந்தியாவுக்குப் போயும் படிக்கிறார்கள். நான் படித்தபோது அங்கே அது 2 ஆண்டு முழுநேரப் படிப்பு. நானும் அப்படிப் படித்தவள்தான். உளவளத்துணையாளர்கள், அதாவது கவுன்சிலிங் செய்பவர்கள், பெரும்பாலும் டிப்ளோமா பயிற்சி பெற்றவர்கள். பிரதேச செயலகங்களில் இந்தச் சேவையை வழங்குகிற உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கட்டணமில்லாமல் போகலாம். அவர்களில் மிகத் திறமையானவர்களை எனக்குத் தெரியும். ஆனால் சில வார இறுதி வகுப்புகளோடு பெயர்ப்பலகை மாட்டியவர்களையும் தெரியும் என்பதால், யாரிடம் போனாலும் மூன்று கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்: என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள், இப்போது உங்களுக்கு மேற்பார்வை செய்பவர் யார்.

மூன்றாவது கேள்வி பலருக்குப் புதிதாக இருக்கும். பல வருட அனுபவம் உள்ள உளவியலாளரும், ஆளின் பெயரையும் ஊரையும் மறைத்து, தான் பார்க்கிறவர்களைப் பற்றி இன்னொரு மூத்தவரிடம் ஒழுங்காகக் கலந்து பேச வேண்டும். நான் மாதம் இருமுறை அப்படிப் பேசுகிறேன். ஒருவருடைய துயரத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும்போது என் சொந்தத் துயரம் எங்கே உள்ளே புகுகிறது என்பது எனக்குத் தெரியாமலே போகலாம். பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்குத் தெரியும்.

குளிசையைப் பற்றிக் கேட்டீர்கள். நான் தருவதில்லை, தரவும் கூடாது. ஆனால் இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, நாட்கணக்காக நித்திரையின்றி அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு திரிகிறார் என்றாலோ, சாப்பாட்டையும் குளிப்பையும் முற்றாக விட்டுவிட்டார் என்றாலோ, முதலில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குத்தான் அனுப்புவேன். அரச வைத்தியசாலையில் அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. மனச்சோர்வுக்குத் தருகிற குளிசைகள் வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் எடுக்கும் என்பதைத் தெரியாமல், "பத்து நாள் போட்டன், ஒண்டும் நடக்கல்ல" என்று நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். மருந்தை நிறுத்துவதும் குறைப்பதும் வைத்தியரோடு பேசித்தான் நடக்க வேண்டும்.

இந்த வேலைக்கு நான் வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எதைச் செய்யக் கூடாது என்பதை நான் படிப்பதற்கு முன்பே அங்கேதான் கற்றேன். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது எனக்கு 15 வயது, வீடு கல்லடியில். பக்கத்துக் கரையோர ஊர்களான நாவலடியும் திருச்செந்தூரும் எங்கள் கண்முன்னே இல்லாமல் போயின. அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் மட்டும் 10,000 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாங்கள் தங்கியிருந்த பாடசாலை முகாமுக்கு வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. நல்ல எண்ணத்தோடுதான் வந்திருப்பார்கள். எங்களை வட்டமாக இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, அன்று கண்டதை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளை இழந்த ஒரு மாமி இருந்தார். அவரும் சொன்னார். சொல்லி முடித்ததும் அந்தக் குழு வாகனத்தில் ஏறிப் போய்விட்டது. மாமி அன்றிலிருந்து எட்டு நாட்கள் ஒருவரோடும் பேசவில்லை.

பிறகு பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான், பேரிடர் நடந்த கையோடு ஒரே ஒரு அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் முறை பயன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று 2002 ஆம் ஆண்டிலேயே ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லிவிட்டார்கள் என்பதை வாசித்தேன். கடல் வருவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு. அந்தப் பக்கத்தை வாசித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, பார், கேள், இணை என்ற மூன்று செயல்களைத்தான் சொல்கிறது: யாருக்கு என்ன அவசரம் என்று பார்ப்பது, பேச விரும்பினால் கேட்பது, சாப்பாட்டோடும் உறவினரோடும் சேவையோடும் இணைத்துவிடுவது. பேச விரும்பாதவரைப் பேச வைப்பது அதில் இல்லை. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின்னர் குடும்பங்களிடம் போனபோது, இந்த ஒன்றைத்தான் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இனி, பெரியவர்களோடு நான் வேலை செய்யும் விதம். இங்கே "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. நெஞ்சு எரிவு, தலையிடி, கைகால் விறைப்பு, "யோசன கூடிப் போச்சு" என்று வருவார்கள். உடம்பு சொல்வதை நான் ஒருபோதும் தள்ளிவிடுவதில்லை. பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அக்கரைப்பற்றுப் பக்கத்து வயற்காரர், 47 வயது. நெஞ்சு படபடத்து, வியர்த்து, மூச்சு முட்டி, மூன்று தடவை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருக்கிறார். மூன்று முறையும் ஈ.சி.ஜி. சரி. வைத்தியர் ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொல்ல அவருக்குப் பயம் கூடியிருக்கிறது, ஏனெனில் அவருடைய வாப்பா 48 வயதில் நெஞ்சு நோவோடு மௌத்தானவர். தூரத்து வட்டையில் இருக்கிற வயலுக்கு அவர் போவதையே நிறுத்திவிட்டார்; அங்கே நெஞ்சு அடைத்தால் ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவது என்ற நினைப்பு. அந்தப் போகம் அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்.

மூன்றாவது சந்திப்பில், வைத்தியரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு, அவரோடு சேர்ந்து கட்டடத்தின் படிகளில் வேகமாக ஏறி இறங்கினேன். நான்கு முறை. இருவரும் மூச்சிரைக்க வந்து கதிரையில் அமர்ந்தோம். கையை நெஞ்சில் வைக்கச் சொன்னேன். அவருடைய முகம் மாறியது. "இதுதான் மிஸ், இதேதான்" என்றார். அப்படியே இருக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தோம். படபடப்பு ஏறி, நின்று, இறங்கியது. ஆபத்து என்று மூளை நினைத்தால் உடம்பு ஓடுவதற்குத் தயாராகும், இதயம் வேகமாக அடிக்கும். அந்த அடிப்பையே ஆபத்து என்று மூளை மறுபடி எடுத்துக்கொண்டால் அது இன்னும் ஏறும். விட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பத்து நிமிடமளவில் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். வாயால் பத்து முறை சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்கமாட்டார். படியில் ஏறிய பிறகு நம்பினார். ஏழாவது கிழமை அவர் தனியாக மோட்டார் சைக்கிளில் அந்த வட்டைக்குப் போய், வரம்பில் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தார்.

இதற்குப் பின்னால் இருக்கிற முறைக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். 1960களில் அமெரிக்க உளமருத்துவர் ஏரன் பெக் தன்னிடம் வந்த மனச்சோர்வு நோயாளர்களின் மனதில் தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் சட்டென்று எழும் கசப்பான எண்ணங்களைக் கவனித்து, அந்த எண்ணங்களைச் சோதித்துப் பார்க்க நோயாளருக்கே கற்றுக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து அது வளர்ந்தது. எண்ணம், உணர்ச்சி, உடம்பு, செய்கை என்ற நான்கும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இருக்கின்றன. எதில் கைவைக்க முடிகிறதோ அதில் தொடங்கலாம். புத்திமதிதான் சொல்வாரா என்று கேட்டீர்களே, அந்த வயற்காரருக்கு "பயப்படாதீங்க" என்ற புத்திமதியை வீட்டில் இருந்த எல்லோரும் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

யுத்தத்திலோ கடலிலோ இழந்தவர்களுக்கு இது மட்டும் போதாது. அவர்களில் சிலரோடு நான் கயிறு, கல், பூ ஆகியவற்றை வைத்து வேலை செய்கிறேன். பிறந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு கயிற்றை நிலத்தில் நீட்டி, நல்லது நடந்த இடங்களில் பூவையும் கெட்டது நடந்த இடங்களில் கல்லையும் அவர்களையே வைக்கச் சொல்வேன். பிறகு காலத்தின் ஒழுங்கில், ஒரு கல்லுக்கு ஓர் அமர்வோ இரண்டோ எடுத்து, அந்த நாளின் வெளிச்சம், சத்தம், கையில் இருந்த பொருள், அப்போது உடம்பில் நடந்தது, இப்போது சொல்லும்போது உடம்பில் நடப்பது என்று மெதுவாகப் போவோம். பேரதிர்ச்சியின் நினைவுக்குத் திகதி இல்லை. மழை இரைச்சலைக் கேட்டாலே அது இப்போது நடப்பதுபோல் வரும். கல்லுக்கு ஒரு நாளும் ஒரு இடமும் கிடைத்துவிட்டால், அது நடந்து முடிந்தது என்று உடம்பு படிப்படியாக ஏற்கத் தொடங்குகிறது. கடைசியில் முழுக் கதையையும் எழுத்தில் வாசித்துக் காட்டி, அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம். கதைவழி வெளிப்படுத்தல் சிகிச்சை எனப்படும் இதன் சிறுவர் வடிவம், கடற்கோளுக்குப் பின்னர் நம் வடகிழக்குப் பிள்ளைகளிடமே ஆய்வு செய்து பார்க்கப்பட்டது. அன்று முகாமில் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நீங்கள் கேட்கலாம். இங்கே ஆள் தானாக விரும்பி வருகிறார். பல கிழமைகள் ஒரே ஆள் கூடவே இருக்கிறார். ஒரு கல்லைத் தொட்டால் உணர்ச்சி தணியும்வரை அவரை எழுந்து போக விடுவதில்லை. சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிப் போகிற வேலை இல்லை இது.

கட்டாடியாரிடம் நூல் கட்டியவர்களும், மௌலவியிடம் தண்ணீர் ஓதிக் குடித்தவர்களும் என்னிடம் வருகிறார்கள், பெரும்பாலும் அதை மறைத்துக்கொண்டு. மறைக்கத் தேவையில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு முடிந்து குளுர்த்திப் பாட்டுக் கேட்டுவிட்டு வந்து "நெஞ்சு குளிர்ந்திட்டு" என்று சொல்கிற ஒரு பெண்ணிடம், அது பொய் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை; ஊரே கூடி நின்று ஒருவரின் பாரத்தைத் தாங்குகிற இடம் அது. வைத்தியரின் மருந்தை நிறுத்தச் சொன்னாலோ, அடித்தாலோ, பெருந்தொகை கேட்டாலோ மட்டும் அங்கே போக வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்வேன்.

இனி உங்கள் மகனுக்கு வருகிறேன். பெரியவர் தானாக வருகிறார்; பிள்ளை கூட்டி வரப்படுகிறான். என் வேலையில் எல்லா வித்தியாசமும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கூட்டி வரப்பட்டவனுக்கு என் அறை இன்னொரு ரியூசன் வகுப்பு, இன்னொரு அதிபர் அலுவலகம். அம்மாவின் காசில் அம்மாவின் முறைப்பாட்டை விசாரிக்கிற ஆளாகத்தான் என்னைப் பார்ப்பான். ஆகவே முதல் இரண்டு மூன்று சந்திப்புகளில், அந்த அறை அவனுடையது என்று அவனுக்குத் தெரிவதைத் தவிர வேறெதையும் நான் அவசரப்படுத்துவதில்லை.

17 வயதுப் பையன் ஒருவன் என் முன்னால் இருந்து, கால்சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கழற்றி, சுருளை எடுத்து, திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தான். "எனக்கு ஒண்டுமில்ல மிஸ். அம்மாதான் கூட்டிட்டு வந்தவ" என்றான். "சரி, அப்ப அம்மாவுக்கு என்ன பிரச்சின எண்டு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். பேனா நின்றது. அம்மாவைப் பற்றி இருபது நிமிடம் பேசினான், அதுவும் மிகுந்த அக்கறையோடு. அடுத்த கிழமை ஒரு தாளில் பெரிய வட்டம் வரைந்து கொடுத்து, அது 24 மணித்தியாலம், ஒரு நாளை நிறம் தீட்டிக் காட்டுங்கள் என்றேன். பாடசாலைக்குச் சாம்பல் நிறம், ரியூசனுக்குச் சாம்பல் நிறம், சாப்பாட்டுக்குக்கூடச் சாம்பல் நிறம். இரவு 2 மணியிலிருந்து 4 மணிவரை மட்டும் பச்சை. என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஒண்டும் செய்யிறல்ல மிஸ். அந்த நேரம் ஒருத்தரும் மார்க்ஸ் கேக்கமாட்டாங்க" என்றான்.

உங்கள் மகனின் சாத்திய கதவுக்குப் பின்னால் இருப்பது இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. அவனைப் பார்க்காமல் அப்படிச் சொல்வது தவறு. பூட்டிய கதவு எல்லா வீட்டிலும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதற்காகத்தான் சொன்னேன். பருவ வயதில் நித்திரை வருகிற நேரமே இயல்பாகப் பின்னுக்குத் தள்ளிப் போகிறது. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை தேவை. இரவு 1 மணிக்குப் படுத்துக் காலை 5.30 ரியூசனுக்கு எழும்புகிற பிள்ளை பகலில் எரிந்து விழுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எதிர்காலத்தை நிதானமாக எடைபோடுகிற முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. மறுபக்கத்தில், மனநல நோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பும் பாதி 18 வயதுக்கு முன்பும் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே "வயசுக் கோளாறு, தானாப் போயிரும்" என்று விட்டுவிடவும் முடியாது. நான்கு மாதம் என்பது காத்திருந்து பார்க்கிற காலத்தைத் தாண்டிவிட்டது.

பேசாத பிள்ளையோடு பேச்சைத் தவிர வேறு வழிகளும் இருக்கின்றன. 1996 இல் மட்டக்களப்பில் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடிய ஓவியர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், யுத்தத்தில் எல்லாவற்றையும் கண்டிருந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து களிமண் பிசைந்தார்கள், நிறம் தீட்டினார்கள், கதை சோடித்தார்கள். என்ன நடந்தது என்று அங்கே பிள்ளைகளை யாரும் விசாரிக்கவில்லை. மண்ணிலும் நிறத்திலும் அது தானாக வந்தது. நான் கற்ற எந்தப் பாடத்தையும்விட இந்த ஊரிலேயே நடந்த அந்த வேலைதான் பிள்ளைகளோடு பொறுமையாக இருக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது. இப்போதும் என் அறையில் ஒரு கரம் பலகையும் ஒரு பெட்டி களிமண்ணும் இருக்கின்றன.

பிறகு இலக்கு. பெரியவரிடம் என்ன மாற வேண்டும் என்று கேட்டால் சொல்லிவிடுவார். பிள்ளையின் விடயத்தில் தாய்க்கு ஓர் இலக்கு இருக்கும், பாடசாலைக்கு ஓர் இலக்கு இருக்கும், பிள்ளைக்கு ஒன்று இருக்கும்; நான் பிள்ளையினுடையதில் தொடங்குவேன், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும். அந்தப் பேனாக்காரப் பையனின் இலக்கு, அம்மா கதவைத் தட்டக் கூடாது என்பதுதான். மூவரும் இருந்து பேசினோம். இரவு 9 மணிக்கு அவனே கதவைத் திறந்து வெளியே வந்து தேத்தண்ணி குடிப்பான்; அந்த நேரத்தில் அம்மா பரீட்சையைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டார்; மற்ற நேரத்தில் கதவைத் தட்டமாட்டார். முதல் கிழமை தாய்க்குத்தான் அது பெரிய பாடாக இருந்தது. மூன்றாவது கிழமை அவன் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்து, தனக்கு உயிரியல் பிரிவே வேண்டாம் என்று முதல்முறையாகத் தாயிடம் சொன்னான்.

இரகசியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பிள்ளை கட்டாயம் கேட்பான். முதல் நாளே தாயையும் பிள்ளையையும் ஒன்றாக வைத்து ஒரே சொற்களில் சொல்லிவிடுவேன்: இங்கே பேசுவது வெளியே போகாது, அம்மாவிடமும் போகாது, உங்கள் உயிருக்கு ஆபத்து என்றாலோ, நீங்கள் இன்னொருவரின் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது உங்களைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ மட்டும் நான் பேசாமல் இருக்கமாட்டேன், அப்போதும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். 18 வயதுக்குக் குறைந்தவரைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் நான் தொடர்ந்து பார்ப்பதில்லை, ஆனால் சம்மதம் தந்ததால் பெற்றோருக்குக் குறிப்பேடு கிடைத்துவிடாது. ஒரு பாடசாலையில், பிள்ளைகள் என்னிடம் என்னென்ன சொன்னார்கள் என்று பட்டியல் கேட்டார்கள். கொடுக்க மறுத்ததும் அடுத்த தவணைக்கு என்னைக் கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளைகளை நினைத்து இன்றும் வருத்தம், ஆனால் பட்டியல் கொடுத்திருந்தால் அவர்களில் ஒருவரும் வாழ்நாளில் இன்னொரு உளவியலாளரிடம் வாய் திறந்திருக்கமாட்டார்கள்.

எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு குடிவழியில் உறவாக இருக்கிற ஊர் இது. அதனால் என் சொந்தக்காரர்களை நான் பார்ப்பதில்லை, வேறு ஒருவரிடம் அனுப்பிவிடுவேன். சந்தையிலோ கோயிலிலோ உங்களைக் கண்டால் நான் முதலில் சிரிக்கமாட்டேன். நீங்கள் சிரித்தால் சிரிப்பேன். இதை எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைப்பதுண்டு, இல்லையென்றால் மிஸ்ஸுக்குப் பெருமை என்று நினைத்துவிடுவார்கள்.

இன்னொன்றை நேராகச் சொல்ல வேண்டும். நான்கு மாதமாக ஒதுங்கி இருக்கிற பிள்ளையிடம், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நான் முதல் சந்திப்பிலேயே கேட்பேன். நீங்களும் கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயம் எங்கும் இருக்கிறது, அது சரியல்ல. கேட்கப்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு மூச்சு விடத்தான் கிடைக்கிறது. 1995 இல் இலங்கையில் 100,000 பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்துகொண்டிருந்தார்கள், உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று; கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததுதான் அதைப் பெருமளவு குறைத்தது. அந்த எண்ணம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து தணிவது. அந்த நேரத்தில் நஞ்சு கைக்கெட்டாமல் இருப்பது உயிரைக் காக்கிறது. ஆகவே வீட்டில் வயல் மருந்து இருந்தால், இதை வாசித்த கையோடு எடுத்துப் பூட்டி வையுங்கள், அல்லது வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆம், வருகிறது என்று அவன் சொன்னால் தனியே விடாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். இரவு பகல் எந்நேரமும் 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கத்துக்கு அழைக்கலாம்.

ஒரே ஆளிடம் இருவரும் போகலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. இருவரையும் ஒன்றாக இருத்தி இடையிடையே பேசுவது நல்லது, அதை நான் செய்வேன். ஆனால் அவன் உங்களைப் பற்றிச் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த மணித்தியாலத்தில் நீங்கள் அவனைப் பற்றிச் சொல்வதைக் கேட்கிற ஆளை, அவன் சரியாகவே நம்பமாட்டான். மட்டக்களப்பில் ஒருவர், கல்முனையில் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். களுவாஞ்சிகுடியிலிருந்து இரண்டு பக்கமும் பஸ் இருக்கிறது.

உங்கள் நித்திரையை அவனுடைய பிரச்சினையின் வால் என்று நினைக்க வேண்டாம். இரண்டு வருடம் என்பது அவன் கதவைச் சாத்துவதற்கு வெகு முன்பே தொடங்கியது. கட்டாரில் இரவு 10 மணி என்றால் இங்கே 12.30, கணவர் வேலை முடிந்து அழைக்கும்வரை விழித்திருந்து, பேசி முடித்த பிறகு கடன், பிள்ளை, பரீட்சை என்று யோசனை ஓடி, விடியப்புறம் கண் அயர்கிறவர்கள் என்னிடம் பலர் வருகிறார்கள். எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழும்புவது, 20 நிமிடமளவில் நித்திரை வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து வேறு இடத்தில் இருந்துவிட்டுக் கண் சொக்கும்போது மட்டும் திரும்பிப் போவது, அழைப்பைக் கிழமையில் சில நாட்களுக்கு காலைக்கு மாற்றுவது என்று தொடங்குவோம். அதோடு மனச்சோர்வைப் பார்க்கிற ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளும் இருக்கிறது, கடந்த இரண்டு கிழமைகளைப் பற்றிக் கேட்பது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மகனிடம் எப்படிச் சொல்வது என்றால், சண்டை நடந்த அன்று சொல்ல வேண்டாம். "உனக்கு ஏதோ கோளாறு, காட்டப் போறன்" என்றும், வேறு எங்கோ போவதாகச் சொல்லியும் கூட்டி வர வேண்டாம்; ஏமாற்றிக் கூட்டி வரப்பட்ட பிள்ளையோடு தொடங்க எனக்கு ஒரு மாதம் கூடுதலாக எடுக்கும். "நீ கஷ்டப்படுற மாதிரி எனக்குப் படுது மனே. எனக்கு என்ன செய்யிற எண்டு தெரியல்ல. ஒரு ஆளோட ஒரு தடவ கதைச்சுப் பாப்பம், பிடிக்காட்டி விட்டுருவம்" என்று சொல்லுங்கள், சொன்னபடியே விடுவதற்கும் தயாராக இருங்கள். எந்த நாள், எந்த நேரம் என்பதை அவனே சொல்லட்டும். உள்ளே அவன் மட்டும் வரட்டும், திரும்பும் வழியில் என்ன பேசினாய் என்று கேட்காதீர்கள்.

அவன் வரவே மாட்டேன் என்று சொன்னால், எடுத்த நேரத்தை ரத்துச் செய்ய வேண்டாம். அந்த நேரத்துக்கு நீங்கள் வாருங்கள், கடந்த ஏழு நாளும் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழும்பினீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு.